ஊர்மன்றம் கைமாறும் பொழுது

(தென்காசியில், தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

  

இவ்வூர்க் கோபுரத்தை அண்ணாந்து பாராத தென்காசியார் இலர். ஆயின், அக்கோயிற் கல்லில் வெட்டியிருப்பதைக் குனிந்து படித்தவர் மிகச் சிலரே. 1446ஆம் ஆண்டில் இக்கோயிற் பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் தன் பெருமையை மட்டும் அங்குப் பொறித்து வைக்கவில்லை. பின்னொரு காலத்தில் இக்கோயிலுக்கு ஒரு குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் அடிபணிந்து வணங்குவதாகத் தமிழ்ப் பாட்டிற் சொல்லி வைத்தான். முடிசூடிய மன்னன், இன்னும் பிறவாத ஓர் ஆளை வணங்கினான்! அவன் அஞ்சியபடியே கோபுரம் இடைக்காலத்திற் சிதைந்தது; அவன் நம்பியபடியே 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. ஒரு பொறுப்பை ஏற்பவன், அதனைப் பிறனிடம் ஒப்படைக்கும் நாளையும் முதலிலேயே எண்ண வேண்டும் என்பது அக்கல்வெட்டின் பாடம்.

இன்றைய பேச்சின் பொருளும் அவ்வொப்படைப்பே. ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் எல்லை மாறியும் வகை மாறியும் ஆள் மாறியும் வருகின்ற காலம் இது. எல்லைக்கோட்டை அலுவலகத்தில் அமர்ந்து வரைந்துவிடலாம். ஊரை ஒப்படைப்பதை அலுவலகம் மட்டும் செய்துவிட முடியாது. அதனை ஊரார் செய்ய வேண்டும். ஊரார் செய்ய வேண்டுமாயின் அஃது ஊரார் மொழியில் நடைபெற வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை இதற்குச் சான்று.

முதலில் அண்மை வரலாற்றை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே திங்களில் நடைபெறவிருந்த தேர்தலைச் சென்னை உயர் முறைமன்றம் நிறுத்தியது. மன்றங்கள் இருந்த இடத்தில் தனி அலுவலர்கள் அமர்ந்தனர். பின்னர் 2019 சூலை 18ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாகும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியினின்று பிரிந்து தமிழ்நாட்டின் 33ஆம் மாவட்டமாகத் தென்காசி தொடங்கி வைக்கப்பெற்றது. பல்லாண்டு வேண்டுகோள் நிறைவேறிய மகிழ்ச்சி ஊரெங்கும் இருந்தது. கோட்டாட்சியர் முதல் பதிவறை எழுத்தர் வரை எவர் எங்கே அமர்வது என்பதற்கெல்லாம் ஆணை பிறந்தது. ஊர்மன்றங்களின் நிலை என்னவாயிற்று?

மாவட்டம் பிரிந்தபோது மாவட்ட ஊராட்சிக்கும் ஒன்றியங்களுக்கும் உரிய எல்லை மறுவரைவு முடிந்திருக்கவில்லை. மறுவரைவு முடியாமல் இம்மாவட்டங்களில் தேர்தல் கூடாது என 2019 திசம்பர் 6ஆம் நாள் உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. திசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டச் சிற்றூர்கள் வாக்களித்தன. பிரிந்தனவும் பிரிக்கப்பெற்றனவுமாகிய ஒன்பது மாவட்டங்கள் கைகட்டி நின்றன. தென்காசியும் தாய் மாவட்டமாகிய திருநெல்வேலியும் அவ்வொன்பதில் அடங்கும். பின்பு தொற்றுநோய்க் காலம் வந்தது. 2021 சூனில் உச்ச முறைமன்றம் மீண்டும் கெடு வைத்த பிறகே, அவ்வாண்டு அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் இங்கு வாக்குப்பதிவு நடந்தது. பேரூராட்சி, நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் வழி பிறந்தது.

கூட்டிப் பாருங்கள். 10 ஒன்றியங்கள், 221 ஊராட்சிகள் கொண்ட இம்மாவட்டத்துச் சிற்றூர்கள் ஐந்து ஆண்டுகள் தாமே தேர்ந்த மன்றமின்றி இருந்தன. ஒரு மன்றத்தின் முழு வாழ்நாள் எவ்வளவோ அவ்வளவு! மன்றங்களுக்கு ஐந்தாண்டே காலம். அது முடியுமுன் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. சட்டம் சொல்லியும் இவ்வாறு நேர்ந்தது.

தனி அலுவலரைப் பழிப்பது இப்பேச்சின் நோக்கமன்று. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் பல ஊர்களுக்கு ஒருவர். தம் பழைய பணியையும் உடன் சுமப்பவர். மாற்றலாகிப் போகக் கூடியவர். தெருக்குழாயில் நான்கு நாள் தண்ணீர் வாராவிடின் ஊர்ப்பெண் ஒருத்தி விடியற்காலையில் எவர் கதவைத் தட்டுவாள்? தலைவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஒன்றிய அலுவலகக் கதவை அவ்வேளையில் தட்ட முடியாது. தேர்ந்த மன்றம் இல்லை என்னும் கரணியத்தால் ஒன்றிய நிதிக்குழுவின் நல்கையும் தடைப்பட்டது. ஆக, மன்றம் இல்லாத காலத்தில் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை என்றாயிற்று.

இது முடிந்துபோன கதையன்று. முன்னர்த் தேர்தல் கண்ட 27 மாவட்டச் சிற்றூர் மன்றங்களின் காலம் 2025 சனவரி 5ஆம் நாள் முடிந்தது; அங்கும் தனி அலுவலரே அமர்த்தப்பெற்றனர். தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிற் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு நிறைவது. பேரூராட்சி, நகராட்சிகளுக்கு 2027 மார்ச்சோடு நிறைவது. இதனிடையே நகர்களை விரிப்பதும், ஊராட்சிகளை அவற்றோடு இணைப்பதும், பேரூராட்சிகளை உயர்த்துவதும் நாடெங்கும் நடந்து வருகின்றன. இம்மாவட்டத்திலேயே சுரண்டை பேரூராட்சி நகராட்சியாயிற்று. மாற்றம் வேண்டாமென்று சொல்லவில்லை. மாற்றத்தின் இடைவெளியில் ஊர் தன் உரிமையை இழக்கக் கூடாது என்பதே கருத்து.

இனி, முன்னோர் இதனை எவ்வாறு எண்ணினர் என்று காண்போர், உடனே உத்தரமேரூருக்குப் போய்விடுகின்றனர். 919, 921ஆம் ஆண்டுகளில் முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பெற்ற அக்கல்வெட்டுகள் பெருமைக்குரியனவே. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தமையும், குடவோலையால் ஆளைத் தேர்ந்தமையும், ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் வைத்தமையும் அங்கே காணலாம். எல்லாவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு: முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் பெயர் இடப்பெறத் தகுதியற்றவர். கணக்கை ஒப்படையாதவன் மீண்டும் மன்றத்திற் கால்வைக்க முடியாது! இன்றைய சட்டத்தில் இதனை ஒத்த விதி எத்துணைக் கூர்மையோடு நடைமுறையில் இருக்கிறது என்று அவரவர் ஊரைப் பார்த்து விடை காணலாம்.

ஆனால் தென்காசியார் அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. திருநெல்வேலியினின்று சங்கரன்கோவில் செல்லும் வழியில் மானூர் இருக்கிறது. அங்கே வட்டெழுத்தில் ஒரு பாண்டியர் கல்வெட்டு. மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டினது. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழைமையது. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கும் ஒரு நூற்றாண்டு முற்பட்டது. ஊரவையில் எவர் அமரலாம் என்று அது வரையறுக்கிறது. எப்பொருள் வந்தாலும் அவை நடவாதபடி ‘அன்று, அன்று’ என்று மறுத்துக் குறுக்கே நிற்பவரும், அவருக்குத் துணை நிற்பவரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. எத்துணைப் பட்டறிவு!

குற்றாலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 2022 தேர்தலில் அப்பேரூராட்சியின் எட்டு இடங்களில் இரு பெருங்கட்சியினரும் நந்நான்கு இடம் பெற்றனர். தலைவர் தேர்தல் நாளில் உறுப்பினர் வாராமையால் அது மீண்டும் மீண்டும் தள்ளிப் போயிற்று. மானூரார் அங்கிருந்திருந்தால் காசுப்பை நிரம்பியிருக்கும்!

எனினும் உண்மையை மறைத்துப் பெருமை பேசுவது தமிழுக்கு அழகன்று. மானூரவையும் உத்தரமேரூரவையும் பார்ப்பனர் ஊர்களின் அவைகள். வடமொழி மறையும் அறநூலும் கற்றவர்க்கே மானூர் அவையில் இடம். குளம் வெட்டியவனும் மடை திறந்தவனும் நாற்று நட்டவளும் அந்த அவைக்கு வெளியே நின்றனர். அவர்களை வெளியே நிறுத்தியவை பிறப்பும் நிலமும் மட்டுமல்ல, மொழியும் ஆகும். தாய்மொழியில் எவ்வளவு அறிவிருந்தாலும் அந்தக் கதவு திறவாது. அவையின் மொழி ஊரின் மொழியாக இல்லாதபோது, அவை ஊருடையதாக இருப்பதில்லை. 1200 ஆண்டுக்கு முன் கதவின் பூட்டு வடமொழியாக இருந்தது. அதன்பின் ஆங்கிலமாயிற்று. ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பெற்று எத்தனையோ ஆண்டுகளாகியும், எல்லை மறுவரைவு ஆணையையும் ஒப்பந்தத் தாளையும் திட்ட மதிப்பீட்டையும் கையில் வாங்கும் ஊராட்சித் தலைவி ஒருத்தி, அவற்றைப் படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேட வேண்டியிருந்தால், அப்பூட்டு இன்னும் தொங்குகிறது என்றே பொருள்.

இம்மண்ணில் மொழியும் எல்லையும் ஒன்றாகவே மாறிய நாள் ஒன்றுண்டு. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை தமிழகத்தோடு இல்லை, திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்திருந்தது. அலுவலகத்திலும் பள்ளியிலும் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்பதே அந்நாட்டுத் தமிழர் போராட்டத்தின் வேர். நேசமணி முதலியோர் முன்னின்றனர். 1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் குண்டுபட்டு வீழ்ந்தனர். அக்குருதியின் விலையாக நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வாராமற் போயின. அன்று எல்லை மாறியது எதற்காக? சொந்த ஊரில் சொந்த மொழியில் மனுக்கொடுத்து விடை பெறுவதற்காக. அவ்வாறு பெற்ற மண்ணில், எல்லை மறுவரைவு அறிவிப்பு ஊராருக்கு விளங்காத நடையில் ஒட்டப்பெற்று, மறுப்புச் சொல்ல வேண்டிய நாள்கள் கடந்து, மழையில் கரைந்து விழுமானால், அந்தப் போராட்டத்தைத் தமிழரே மறந்தவராவர்.

எல்லை என்பது தாளிலுள்ள கோடு மட்டுமன்று என்பதற்குக் குற்றாலமே சான்று. மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குறவஞ்சியால் உலகறிந்த மலை அது. பேரருவி குற்றாலப் பேரூராட்சியில் விழுகிறது. பழைய குற்றால அருவியோ ஆயிரப்பேரி ஊராட்சிப் பக்கம். விழுந்த நீர் சிற்றாறாகித் தென்காசி நகராட்சியைத் தொட்டு, எத்தனையோ ஊராட்சிகளின் குளங்களை நிரப்பி, தண்பொருநையிற் கலக்கிறது. நீருக்கு உள்ளாட்சி எல்லை தெரியாது, சாக்கடைக்கும் தெரியாது. குளம் ஓர் ஊராட்சியில். அதன் மடைநீர் பாயும் வயல் வேறோர் ஊராட்சியில். இடையிலுள்ள கால்வாய் மூன்றாவதில். சாரற் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கூட்டமோ அங்கு வாழும் சில ஆயிரவரைப் போலப் பன்மடங்கு. வந்தவர் குப்பையை விட்டுச் செல்வர். வாக்கு மட்டும் அவரவர் ஊரில்.

2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் எதிர்பாரா வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன்பின், அருவியின் பொறுப்பு ஊராட்சிக்கா, காட்டுத்துறைக்கா என்னும் வழக்காடல் எழுந்தது. எவர் பொறுப்பு என்பது உயிர் போன பிறகு எழும் கேள்வியாக இருத்தல் கூடாது. எல்லை மாறும்போதெல்லாம் முதலில் எழுத வேண்டியது அதுவே: எச்சரிக்கும் கடமை எவருடையது? கம்பி கட்டுவது எவர்? கட்டணம் பெறுபவர் எவர்? அதைச் செலவிடுபவர் எவர்?

ஆகவே, மன்றம் கைமாறுமுன் ஒவ்வோர் ஊரும் செய்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லலாம்.

முதலாவது, எல்லை அறிவிப்பு. புல எண்களை மட்டும் அடுக்கினால் ஊராருக்கு விளங்காது. ‘கீழ்ப்பால் கால்வாய், மேற்பால் சாலை, வடபால் இடுகாடு, தென்பால் குளத்துக்கரை’ என நாற்பால் எல்லை சொல்லும் வழக்கம் தமிழ்க் கல்வெட்டுகளில் மலிந்து கிடக்கிறது. அவ்வாறே தமிழில் எழுதித் தெருத்தோறும் ஒட்டவும், ஊரவையில் உரக்கப் படிக்கவும் வேண்டும் எனக் கேளுங்கள்.

இரண்டாவது, ஊர்ப் பொதுவுடைமை ஏடு. குளம், ஊருணி, கால்வாய், மந்தை, இடுகாடு, கிணறு, நீர்த்தொட்டி, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகிய எல்லாவற்றையும் அளவோடு ஒரே ஏட்டில் எழுதி, படி எடுத்து, பழைய மன்றம் புதிய மன்றத்திடம் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். ஏட்டில் இல்லாத புறம்போக்கு, கைமாறும் இடைவெளியிலேதான் காணாமற் போகும்.

மூன்றாவது, கணக்கு. கடன் எவ்வளவு, இருப்பு எவ்வளவு, முடியாத பணி எது, அதற்குப் பெற்ற பணம் எங்கே என்பன ஊரவையில் படிக்கப்பெற வேண்டும். சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் ஊரவை கூடுவது இன்றைய நடைமுறை. அதனை ‘கிராம சபை’ என்று எழுதினாலும், ஊரவை என்று பேசிப் பழகுங்கள். பெயர் தமிழானால் உரிமையும் தமக்கென்று தோன்றும்.

நான்காவது, ஆள். குடிநீர்த்தொட்டி இயக்குநரும் தூய்மைப் பணியாளரும் எல்லை மாறும்போது எந்த மன்றத்தின் ஊழியர், எவர் சம்பளம் தருவது என்று முன்னரே எழுதப்பெற வேண்டும். ஊராட்சி நகரோடு சேர்ந்தால் ஊரக வேலைத்திட்டத்தின் கூலியை இழப்பவர் எத்தனை பேர், வரி எவ்வளவு கூடும் என்பதையும் இணைப்புக்கு முன் ஊராரிடம் சொல்ல வேண்டும். பின் சொல்வது ஏமாற்று.

ஐந்தாவது, நாள். காலம் முடியும் நாள் ஐந்தாண்டுக்கு முன்னரே தெரிந்த ஒன்று. திடீரென வந்த வெள்ளமன்று அது. மறுவரைவு, வாக்காளர் பட்டியல், இடவொதுக்கீடு ஆகியவற்றுக்கு நாட்குறிப்பு வகுத்து வெளியிடுமாறு ஓராண்டுக்கு முன்பே ஊரவை எழுத்தில் கேட்க வேண்டும். ‘மறுவரைவு முடியவில்லை’ என்பது மீண்டும் ஒருமுறை விடையாகக் கூடாது.

இவற்றோடு மற்றொன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. தலைவி நாற்காலியில் இருக்க, கணவர் கையொப்பத்துக்குத் தாளை நீட்டும் ஊர்கள் உண்டு. அவ்வம்மையார் அறிவற்றவர் அல்லர். தாளின் மொழி அவருடையதன்று. தாள் தெளிந்த தமிழில் இருப்பின், இடையிலே நிற்பவர்க்கு வேலையில்லை.

இறுதியாக, இங்குக் கூடியிருக்கும் தமிழ்த்தொண்டர்க்கே ஒரு சொல். பஞ்சாயத்து ஊராட்சியாயிற்று, முனிசிபாலிட்டி நகராட்சியாயிற்று, தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ‘இவையெல்லாம் மக்கள் நாவில் ஏறுமா?’ என்று நகைத்தவர் அன்று பலர். இன்று வண்டியோட்டியும் அச்சொற்களையே சொல்கிறார். இது தனித்தமிழின் வெற்றி. ஆனால் அவ்வெற்றி எதனால் வந்தது? கேட்டவுடன் பொருள் விளங்கியதால் வந்தது. ஊரை ஆள்வது ஊராட்சி; எவர்க்கும் அகரமுதலி வேண்டுவதில்லை. இதற்கு மாறாக, ஊராருக்கு விளங்காத கடுஞ்சொற்களைத் தொடுத்துத் தமிழ் என்று நீட்டினால், வடமொழிப் பூட்டையும் ஆங்கிலப் பூட்டையும் உடைத்தவர் தாமே ஒரு தமிழ்ப் பூட்டைச் செய்து மாட்டியவராவர். தூய்மை எளிமையோடு சேரும்போதுதான் அது மக்களுக்குப் படைக்கலம் ஆகும்.

ஆதலின், மேடையை விட்டு இறங்கிய பின் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஒவ்வொரு தமிழ்மன்றத்தாரும் தத்தம் ஊராட்சியில் ஒட்டப்பெறும் அறிவிப்பை எடுத்துக்கொண்டு, மாலையில் ஆலமரத்தடியிலோ பள்ளித் திண்ணையிலோ அமர்ந்து, எழுத்தறியாத முதியோர்க்கும் விளங்குமாறு படித்துச் சொல்லுங்கள். மறுப்பு இருப்பின் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் வந்தால், தமிழில் தருக என்று கேட்டுத் திருப்புங்கள். நூறு தீர்மானங்களினும் இஃது ஒன்று மேல்.

பராக்கிரம பாண்டியன் பின்வருவோனை வணங்கினான். அந்தப் பின்வருவோர் இவ்வூரார். இவர்க்கும் பின்வருவோர் உளர். அவர்கள் கையில் குளமும் கணக்கும் எல்லையும் உரிமையும் குறையாமல் சேர, அவை தெளிந்த தமிழில் எழுதப்பெற்றுச் சேர, இன்றே முயல்க!

ஊர் தன்னை ஆள்க! தமிழ் ஊரை ஆள்க! வெல்க தமிழ்!